எட்டு மணிக்கு நெட் ஏன் திணறுகிறது? ரவுட்டருக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு செட்டிங்ஸ்

இரவு எட்டு மணி. ஹாலில் பாட்டி ஓ.டி.டி.யில் சீரியல் பார்க்கிறார். மகன் அறைக்குள் கேம் ஆடிக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்கு ஆபீஸ் மீட்டிங். அவர் பேச ஆரம்பித்ததுமே, "மேடம், உங்க வாய்ஸ் கட் ஆகுது" என்று எதிர்முனையிலிருந்து குரல் வருகிறது. வீட்டில் அத்தனை பேரின் கோபமும் கேம் ஆடுகிறவன்மேல் பாய்கிறது.

பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை. ஆன்லைன் கேம் இழுக்கும் டேட்டா மிகக் குறைவு. ஆடும்போது பெரும்பாலும் 1 எம்.பி.பி.எஸ்.கூடத் தேவைப்படாது. உண்மையான குற்றவாளி மேசைமேல் சார்ஜரில் சத்தமில்லாமல் கிடக்கிறது. அது அப்பாவின் போன். காலையில் கல்யாண வீட்டில் எடுத்த வீடியோக்களை எல்லாம், வைஃபை கிடைத்த சந்தோஷத்தில், ஒவ்வொன்றாக கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் எடுக்கும் முடிவு, 'அடுத்த மாசம் பெரிய பிளானுக்கு மாறிடலாம்' என்பதுதான். மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டுவதற்கு முன்னால், மூலையில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் அந்த ரவுட்டருக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

மளிகைக் கடை வரிசை

மாதச் சாமான் பட்டியலோடு ஒருவர் கடையில் நிற்கிறார். அவருக்குப் பின்னால், ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்க வந்த சிறுமி. விவரமான கடைக்காரர் என்ன செய்வார்? பட்டியலை அப்படியே வைத்துவிட்டு, சிறுமிக்கு பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார். பெரியவருக்கு ஐந்து விநாடி தாமதம். அவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். சாதாரண ரவுட்டருக்கு இந்த விவரம் கிடையாது. முதலில் வந்தவருக்கு மூட்டை மூட்டையாகக் கட்டி முடித்த பிறகுதான் அடுத்தவர் முகத்தையே பார்க்கும். வீடியோ ஃபைல் என்பது மாதப் பட்டியல். மீட்டிங்கில் பேசும் குரல் அந்தச் சிறுமி.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. டேட்டா தொலைந்துவிடக் கூடாதே என்று ரவுட்டர், மோடம் தயாரிப்பாளர்கள் காத்திருப்பு இடத்தை, அதாவது பஃபரை, பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். நல்லெண்ணம்தான். ஆனால், வரிசை நீண்டால் காத்திருப்பும் நீளும். 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க சாஃப்ட்வேர் வல்லுநர், தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை வெளியே அனுப்பும்போதெல்லாம் மொத்த வீட்டு இன்டர்நெட்டும் படுத்துவிடுவதைக் கவனித்தார். அளந்து பார்த்தால், ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப ஒரு விநாடிக்கும் மேல் ஆனது. காரணம் அந்த நீண்ட வரிசைதான். 'பஃபர்ப்ளோட்' என்ற பெயரில் இந்தச் சிக்கலை உலகம் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்கு 'கோடெல்' என்ற தீர்வை வெளியிட்டார்கள். இன்று பல நல்ல ரவுட்டர்களில் 'ஸ்மார்ட் க்யூ', 'எஸ்.க்யூ.எம்.' போன்ற பெயர்களில் இருப்பவற்றில் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

அந்த வசதி இருந்தால் அதை ஆன் செய்தாலே பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால், 'க்யூ.ஓ.எஸ்.' என்ற மெனு இருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று டைப் செய்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் லாகின் பக்கம் வந்துவிடும். வராவிட்டால், ரவுட்டரைத் திருப்பினால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் விவரம் இருக்கும்.

அந்த ஒரு கட்டம்

க்யூ.ஓ.எஸ். பக்கத்தில் மொத்த பேண்ட்வித் எவ்வளவு என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பில்லில் 50 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருக்கிறதே என்று 50 என நிரப்பிவிடுகிறார்கள். உண்மையில் வருவது 45 என்றால், இந்த செட்டிங்கால் ஒரு பயனும் இல்லை. நெரிசல் ரவுட்டரில் ஏற்படாமல், அதைத் தாண்டி இன்டர்நெட் நிறுவனத்தின் மோடத்தில் ஏற்படும். அங்கே நிற்கும் வரிசையை நம் ரவுட்டரால் ஒழுங்குபடுத்த முடியாது. கடைக்காரர் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும், கூட்டம் பக்கத்துத் தெருவில் நின்றால் அவர் என்ன செய்வார்?

அதனால், இரவு நேரத்தில் இரண்டு மூன்று முறை ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, கிடைத்த அளவில் 85 முதல் 90 சதவிகிதத்தை நிரப்ப வேண்டும். டவுன்லோடுக்குத் தனி, அப்லோடுக்குத் தனி. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதாகத் தோன்றும். ஆனால், வரிசை நம் கட்டுப்பாட்டுக்குள் வருவது அந்த 10 சதவிகிதத்தால்தான். அப்லோடு எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் காலியாக விடக் கூடாது. கால் கட் ஆவதற்கு அதிகக் காரணம் அந்தப் பக்கம்தான்.

அடுத்து, எந்த டிவைஸுக்கு முன்னுரிமை என்ற பட்டியல். மீட்டிங் நடக்கும் லேப்டாப், ஆன்லைன் தேர்வு எழுதும் டேப்லெட் என்று ஒன்றோ இரண்டோ போதும். வீட்டுச் சண்டைக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் 'ஹை' கொடுத்தால், யாருக்கும் கொடுக்காததற்குச் சமம். ஸ்மார்ட் டி.வி.க்கு முன்னுரிமை தேவையே இல்லை. ஓ.டி.டி. படங்கள் சில விநாடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் என்பதால், சிறு தாமதம் கண்ணுக்குத் தெரியாது. 4கே படத்துக்கே நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 15 எம்.பி.பி.எஸ்.தான்.

நேற்று முன்னுரிமை கொடுத்த போன் இன்று புது டிவைஸாகக் காட்டுகிறதா? இப்போதைய ஆண்ட்ராய்டு, ஐபோன்கள் பிரைவஸிக்காக நெட்வொர்க்குகளிடம் மாற்று முகவரியைக் காட்டுகின்றன. வைஃபையை 'ஃபர்கெட்' செய்து மறுபடி இணைத்தால் அந்த முகவரி மாறிவிடக்கூடும். வீட்டு வைஃபைக்கு மட்டும் போன் செட்டிங்ஸில் இதை அணைத்துவிட்டால் குழப்பம் தீரும்.

எல்லா வீட்டுக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. பின் அறையில் மட்டும் எப்போதும் கால் கட் ஆகிறது என்றால், பிரச்னை சுவரில் இருக்கிறது, வரிசையில் இல்லை. 300 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இருக்கும் வீட்டில் க்யூ.ஓ.எஸ். அநேகமாகத் தேவைப்படாது, விலை குறைந்த ரவுட்டரில் அதை ஆன் செய்தால் உள்ளே இருக்கும் பிராசஸர் திணறி, வேகம் குறையவும் செய்யலாம். இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த பெட்டியில் இந்த மெனுவே இல்லை என்றாலும் கவலையில்லை. போன் பேக்கப்பையும் லேப்டாப் அப்டேட்டையும் எல்லோரும் தூங்கிய பிறகு ஓடவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு

க்யூ.ஓ.எஸ். தேடி மெனுவுக்குள் போகிறவர்கள் கண்ணில் இன்னொரு தலைப்பும் படும்: 'ரிமோட் மேனேஜ்மென்ட்'. வீட்டுக்கு வெளியே இருந்தும் ரவுட்டரின் செட்டிங்ஸை மாற்ற உதவும் வசதி. ஊரில் அப்பா அம்மா, சிங்கப்பூரில் மகன் என்று வாழும் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். "அப்பா, சிவப்பு லைட் எரியுதா, பச்சையா?" என்று அரை மணி நேரம் போனில் கேட்பதைவிட, அங்கிருந்தே சரிசெய்வது எவ்வளவு சுலபம்!

ஆனால், மகனுக்குத் திறக்கும் கதவு மற்றவர்களுக்கும் திறக்கும். பிரேசிலில் 2011-ல் நடந்தது இதற்குச் சாட்சி. மோடம்களில் இருந்த ஒரு பலவீனத்தைப் பயன்படுத்தி, வெளியிலிருந்தபடியே சுமார் 45 லட்சம் மோடம்களுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். அவர்கள் முக்கியமாக மாற்றியது டி.என்.எஸ். என்ற செட்டிங்கைத்தான். எந்த வெப்சைட் எங்கே இருக்கிறது என்று வழி சொல்லும் முகவரிப் புத்தகம் அது. அதன் பிறகு வங்கியின் சரியான முகவரியை டைப் செய்தவர்களும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இதற்குக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்க வேண்டியதில்லை, தப்பான லிங்க்கைத் தொட வேண்டியதும் இல்லை.

2016 நவம்பரில் ஜெர்மனியில் வேறு மாதிரி. இன்டர்நெட் நிறுவனங்களே ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து பராமரிக்கப் பயன்படுத்தும் வாசலைக் குறிவைத்து ஒரு தாக்குதல். டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு போனது. அதற்கு முந்தைய மாதம் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலருக்கும் திறக்க முடியாமல் செய்த 'மிராய்' மால்வேரின் மாற்றுருவம்தான் இதற்குப் பின்னால் இருந்தது. மிராய்க்கு ஆயுதமாக இருந்தவை 60 சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. 'அட்மின் - அட்மின்' போல, கம்பெனியிலிருந்தே வருபவை. 2017-ல் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் தாக்கப்பட்டபோதும் சிக்கியவை பாஸ்வேர்டு மாற்றப்படாதவைதான்.

நம் ஊரில் இந்தக் கதவு திறப்பது பெரும்பாலும் சி.சி.டி.வி. பொருத்தும் நாளில். போனில் கேமரா தெரிய வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறப்பார்கள்; வேலை முடிந்ததும் அப்படியே போய்விடுவார்கள்.

கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டு வைஃபையில் இருக்கும்போது, 'என் ஐ.பி. முகவரி என்ன' என்று கூகுளில் ஆங்கிலத்தில் தேடி, கிடைக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே எண்ணை பிரவுசரில் டைப் செய்யுங்கள். கடைசியில் :8080 சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். ரவுட்டரின் லாகின் பக்கம் வந்தால் உலகத்தில் யாருக்கும் வரும். அன்றே ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்துவிட வேண்டும். பக்கம் வராவிட்டாலும், மெனுவுக்குள் போய் அது அணைந்திருப்பதை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

வெளியூர் மகனுக்கு வேண்டுமே என்றால், ரவுட்டர் கம்பெனியின் ஆப் வழியாக, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டும் ஓ.டி.பி. பாதுகாப்பும் போட்டு வைத்துக்கொள்ளலாம். ரவுட்டரில் வி.பி.என். வசதி இருந்தால் அது இன்னும் மேல். போர்ட் எண்ணை 8080-லிருந்து வேறு எண்ணுக்கு மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது பூட்டாத வீட்டின் கதவு எண்ணை அழிப்பது மாதிரி.

ஒரு விஷயம் பலரும் மறந்துவிடுவது. நெட் வரவில்லை என்று கூப்பிட்டால், வரும் டெக்னீஷியன் சில சமயம் ஊசியால் குத்தி ரவுட்டரை ரீசெட் செய்வார். அந்த நொடியில் புது பாஸ்வேர்டு, க்யூ.ஓ.எஸ். எண்கள் எல்லாம் அழிந்து, 'அட்மின் - அட்மின்' திரும்ப வந்துவிடலாம். அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ரிமோட் மேனேஜ்மென்ட் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய எண்களை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தால் மறுபடி நிரப்ப ஐந்து நிமிடம் போதும்.