பழைய ஐபாட் ஷபிள், புதிய ஐபாட் ஷபிள்: உங்கள் கம்ப்யூட்டருக்கு எது ஒத்து வரும்?

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது பெட்டியில் கொண்டு வந்த பொருள்களில் ஒன்று ஐபாட் ஷபிள் என்னும் சின்னப் பாட்டுப் பெட்டி. ஆப்பிள் நிறுவனம் இதை 2005 ஜனவரியில் அறிமுகம் செய்து, 2017 ஜூலையில் விற்பனையை நிறுத்தியது. இன்று பீரோவிலும் மேஜை டிராயரிலும் கிடக்கும் இதை எடுத்து வந்து, “புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன், இதுல பாட்டு ஏத்த முடியுமா?” என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் உங்கள் கையில் இருப்பது எந்த ஷபிள் என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர் ஒன்றுதான் என்றாலும் நான்கு வகைகள் வந்தன. நான்கிலும் திரை கிடையாது.

முதல் ஷபிள் வெள்ளை பிளாஸ்டிக்கில், சூயிங்கம் பாக்கெட் போல நீளமாக இருக்கும். எடை 22 கிராம். 512 எம்பி, 1 ஜிபி என இரண்டு அளவுகளில் வந்தது. அடிப்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளேயே யுஎஸ்பி பிளக் இருக்கும். பென் டிரைவ் போல நேராகக் கம்ப்யூட்டரில் செருக வேண்டியதுதான். கேபிள் தேட வேண்டிய வேலை இல்லை. நான்கில் இந்த வசதி இருப்பது இதில் மட்டுமே. டைப்-சி போர்ட் மட்டும் உள்ள புதிய லேப்டாப் என்றால் ஒரு சிறு அடாப்டர் வேண்டும்.

2006 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாவது ஷபிள் பாதி அளவுக்குச் சுருங்கி, அலுமினிய உடலும் சட்டையில் மாட்டும் கிளிப்பும் பெற்றது. பார்க்க அழகு. ஆனால் யுஎஸ்பி பிளக் போய்விட்டது. இயர்போன் செருகும் அதே துளை வழியாகத்தான் சார்ஜும் ஏறும், பாட்டும் ஏறும். அதற்கென்று தனி டாக் உண்டு. அது தொலைந்தால் பெட்டி சும்மாதான் கிடக்கும். மூன்றாவது, நான்காவது வகைகளுக்கும் இதே துளைதான். டாக்குக்குப் பதில் ஒரு குட்டிக் கேபிள். எனவே பழையது வாங்குபவர்கள் அதற்குரிய டாக் அல்லது கேபிளோடு சேர்த்தே வாங்குங்கள். சிமென்ட் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் தினமும் போகிறவர்கள் அந்தத் துளையில் தூசி அடையாமல் பார்த்துக்கொள்ளவும்.

2009 மார்ச்சில் வந்த மூன்றாவது ஷபிள் எனக்குப் பிடிக்காதது. 10.7 கிராம்தான், 4 ஜிபி வரை இடம், எல்லாம் சரி. ஆனால் பெட்டியில் பாட்டை இயக்கும் பட்டன் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் இயர்போன் வயரில். ஒரு முறை அழுத்தினால் நிற்கும், இரண்டு முறை அழுத்தினால் அடுத்த பாட்டு, மூன்று முறை என்றால் முந்தைய பாட்டு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய் ரயில் பிடிப்பவர்கள் நெரிசலான பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்! அந்த இயர்போன் கெட்டு, கடையில் சாதாரண இயர்போன் வாங்கிப் போட்டால் பாட்டு கேட்கும். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

இதில் வந்த ஒரு நல்ல விஷயம் வாய்ஸ்ஓவர். ஓடும் பாட்டின் பெயரைப் பெட்டியே சொல்லும். உண்மையில் அந்தக் குரலைத் தயாரிப்பது கம்ப்யூட்டர். பாட்டு ஏற்றும்போது குரலும் சேர்ந்து ஏறுகிறது. மூன்றாவது ஷபிள் வந்தபோது 14 மொழிகள் இருந்தன. தமிழ் அதில் இல்லை. ஆகவே பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். உச்சரிப்பு சிரிப்பாக இருக்கும், ஆனால் புரிந்துவிடும்.

2010 செப்டம்பரில் நான்காவது வந்தது. பட்டன்கள் பெட்டிக்கே திரும்பி வந்தன, வாய்ஸ்ஓவரும் இருந்தது. 2 ஜிபி இடம், ஒரு சார்ஜில் 15 மணி நேரம் என்பது நிறுவனத்தின் கணக்கு. பாட்டு கேட்பதற்கு நான்கில் இதுதான் சிறந்தது. ஒரு ஷபிள் வாங்குவதாக இருந்தால் இதையே தேடுங்கள். ஆனால் பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியாது. பல வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது உயிர் பெறாமலும் போகலாம். காசு கொடுக்கும் முன் சில மணி நேரம் சார்ஜ் போட்டு, ஓடுகிறதா என்று பாருங்கள்.

இனி பாட்டு ஏற்றும் விஷயம். பென் டிரைவில் போல பாட்டைக் காப்பி செய்து பேஸ்ட் செய்தால் ஷபிளில் அது ஓடாது. ஐட்யூன்ஸ் புரோகிராம் எழுதி வைக்கும் பட்டியலில் உள்ளதை மட்டுமே அது இசைக்கும். ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அரிசி கிடையாது அல்லவா, அப்படித்தான். விண்டோஸுக்கான ஐட்யூன்ஸ் ஆப்பிள் தளத்தில் இலவசம்.

ஆனால் ஷபிளில் ஏற்கனவே பாட்டுகள் இருந்தால் ஐட்யூன்ஸை இன்ஸ்டால் செய்ய அவசரப்பட வேண்டாம். அரியலூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அவர் அண்ணன் துபாயில் இருந்து கொண்டு வந்த முதல் ஷபிள் இருந்தது. அவர்களின் மறைந்த அப்பா பஜனை மடத்தில் பாடியதைக் கேசட்டில் இருந்து மாற்றி அதில் ஏற்றியிருந்தார்கள். கேசட்டும் இல்லை, அந்தப் பழைய கம்ப்யூட்டரும் இல்லை. இப்படிப்பட்ட ஷபிளைப் புதிய கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸோடு இணைத்தால், ‘இது வேறு லைப்ரரியோடு இணைந்தது, அழித்துவிட்டு இதோடு இணைக்கவா?’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். ‘எரேஸ் அண்ட் சிங்க்’ என்பதில் கிளிக் செய்தால் எல்லாம் போய்விடும். ‘கேன்சல்’ கொடுங்கள்.

நாங்கள் செய்தது இதுதான். ஐட்யூன்ஸ் இல்லாத கம்ப்யூட்டரில் ஷபிளைச் செருகினோம். அது ஒரு டிரைவாகத் தெரிந்தது. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் எனச் சென்று டிக் செய்தவுடன், ஒளிந்திருந்த ‘ஐபாட்_கன்ட்ரோல்’ ஃபோல்டர் கிடைத்தது. அதனுள் ‘மியூசிக்’, அதனுள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். பாட்டு ஃபைல்களின் பெயர்கள் நான்கு எழுத்துக் குழப்பமாக இருக்கும். பயப்பட வேண்டாம், பாட்டு அதேதான். ‘மியூசிக்’ ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, இன்னொரு பென் டிரைவிலும் வைத்தோம். பிறகு ஐட்யூன்ஸில் சேர்த்தபோது, டேக் பதிவாகியிருந்த பாட்டுகள் தம் பெயரோடு வந்தன. அப்பா பாடியவற்றுக்கு டேக் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைக்க அண்ணன் தம்பிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

இடம் குறைவாக உள்ள ஷபிளுக்கு ஒரு வழி உண்டு. ஐந்து நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் தரத்தில் 12 எம்பி பிடிக்கும். 128ல் 5 எம்பிக்குள் அடங்கும். ஏற்றும்போதே 128க்குக் குறைத்துத் தரும் கட்டம் ஐட்யூன்ஸில் ஷபிளுக்கான பக்கத்தில் இருக்கிறது, டிக் செய்திடவும். ‘ஆட்டோஃபில்’ பயன்படுத்துபவர்கள், பழைய பாட்டுகளை மாற்றிவிடும் ‘ரீபிளேஸ்’ கட்டத்தில் டிக்கை எடுத்துவிடவும். பக்திப் பாடல்களையும் சினிமாப் பாடல்களையும் சேர்த்து ஏற்றினால், சுவிட்சை வரிசை நிலையில் வைப்பது நல்லது. கலைத்துப் போடும் நிலையில் கவசம் முடிந்த கையோடு குத்துப்பாட்டு வரும்.

பாட்டு ஏறும்போது ஷபிளில் ஆரஞ்சு விளக்கு மினுக்கும். அது நிற்கும் வரை பிடுங்காதீர்கள்.