காட்டைக் காக்கும் கல்வி

கும்பகோணத்தில் பிறந்தவனுக்குக் காடு என்பது கதையில் கேட்ட வஸ்து. நெல் வயலும் வாழைக் கொல்லையும் வாய்க்காலுமே அவன் கண்ட உலகம். ஆகவே, பிளஸ் டூ பரீட்சையில் தேறிய பிள்ளை, "வனவியல் படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டுப் பெரியவர்கள் திடுக்கிடுகிறார்கள். "வனவாசம் போகவா இத்தனை நாள் படிக்க வைத்தோம்?" என்று நம்மிடம் வந்து குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உபாத்தியாயர் என்ற முறையில் அவர்களுக்கு நாம் கூறும் பதிலையே நேயர்களுக்கும் கூற விரும்புகிறோம்.

நம் வயலில் காவிரி பாய்வது காட்டின் தயவினால்தான். குடகிலும் நீலகிரியிலும் மரமடர்ந்த சரிவுகளில் பெய்யும் மழை, சருகிலும் வேரிலும் ஊறி மண்ணுக்குள் இறங்கி, ஊற்றாக மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. மொட்டை மலையில் பெய்யும் மழையோ மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாக ஓடி, அணைகளைத் தூர்த்துவிடுகிறது. மலையில் மரம் வீழ்ந்தால் தஞ்சையில் உலை கொதிப்பது சந்தேகந்தான்.

சென்னை ராஜதானியின் முதல் வனப் பாதுகாவலராக டாக்டர் கிளெக்ஹார்ன் 1856-ல் நியமனம் பெற்றார். அந்நிய ஆட்சிக்குக் காடு பெரும்பாலும் ரயில் பாதைக்குக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் தரும் களஞ்சியமாகவே இருந்தது. 1878-ல் டேராடூனிலும் 1912-ல் கோயம்புத்தூரிலும் வனப் பயிற்சிக் கலாசாலைகள் ஏற்பட்டன. வன இலாகாவுக்கு உத்தியோகஸ்தர்களைத் தயாரிப்பதே அவற்றின் நோக்கம்.

இன்றோ கதவு விரியத் திறந்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1985-ல் வனவியல் பட்டப் படிப்பைத் தொடங்கிற்று. மேட்டுப்பாளையத்திலுள்ள அதன் வனக் கல்லூரியில் இதனை நான்கு ஆண்டுகள் கற்கலாம். நாற்றங்கால் வளர்ப்பு, மண் பாதுகாப்பு, மரத்தின் வளர்ச்சியை அளத்தல், வன விலங்கு பரிபாலனம் ஆகியவை பாடங்கள். அவ்வூர் வழியே ஓடும் பவானியே காவிரியில் கலந்து நம்மூர் வந்து சேர்கிறது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

உத்தியோகம் என்ன என்று கேட்பது நியாயமே. 1966-ல் ஏற்பட்ட இந்திய வனப் பணிக்கு மத்திய தேர்வாணையம் பரீட்சை நடத்துகிறது. அதில் தேறினால் மட்டும் போதாது. ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நான்கு மணி நேரத்திற்குள் நடந்து காட்ட வேண்டும். மாநில வன இலாகாவிலும் உத்தியோகங்கள் உண்டு. கோயம்புத்தூரில் மர மரபியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குடியானவர்களைக் கொண்டு சவுக்கும் தைல மரமும் பயிராக்கும் காகித ஆலைகளுக்கும் இக்கல்வி கற்றோர் தேவை.

ஆனால், பட்டம் வாங்கியவுடன் பதவி காத்திருக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். இடங்கள் சில, போட்டியிடுவோர் பலர். வேலை கிட்டினாலும் மின்விசிறி நிழலில் அமர்ந்து செய்யும் வேலையன்று. கோடையில் காட்டுத் தீயும் இரவில் யானையும் உண்டு. இவற்றை அறிந்த பின்னும் விருப்பம் குன்றாத பிள்ளையைத் தடுக்கலாகாது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரைக் காடும் நம் டெல்டாவின் கடலோரக் காவல்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. எந்த மண்ணில் எந்த மரம் நிற்கும் என்று கற்றறிந்தவர்கள் நம் ஜில்லாவுக்கே வேண்டியிருக்கிறார்கள். நெல் விளைவிக்கும் குடும்பங்களிலிருந்து, அந்நெல்லுக்கு நீர் தரும் காட்டைக் காக்க வீட்டுக்கொருவர் அல்லவாயினும் ஊருக்கொருவராவது புறப்படட்டும்.