மெட்டாலிகாவிடம் ‘சத்தம் அதிகம்’ என்றவர்கள்

அமெரிக்காவின் மெட்டாலிகா குழு ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பத்தை 2008 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை வெளியிட்டது. ஞாயிறு முடிவதற்குள் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4,90,000 பிரதிகள் விற்றன. பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடம். விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள்; பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக்கில் 100க்கு 78 கிடைத்தது. ரசிகர்களுக்கும் பாட்டுகள் பிடித்திருந்தன. ஆனால் அதே மாதத்தில் அதே ரசிகர்களில் ஆயிரக்கணக்கானோர், ஆல்பத்தின் தனித்தனி ஒலிப்பதிவுகளை மறுபடி கலந்து (மிக்ஸ் செய்து) வெளியிடும்படி கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துகள் 10,000ஐத் தாண்டின. சத்தம் அதிகம் என்பதே அவர்களுடைய புகார். ஹெவி மெட்டல் கேட்கிறவர்களே இப்படிச் சொன்னதால் விஷயம் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ் வரை செய்தியானது.

இந்த ரசிகர்கள் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதற்குக் குழுவின் பழைய கதை தேவைப்படுகிறது. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்கும் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் 1981இல் லாஸ் ஏஞ்சலஸில் சேர்ந்து மெட்டாலிகாவைத் தொடங்கினார்கள். மின் கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, கனமாக்கி வாசிப்பது ஹெவி மெட்டலின் பொது இயல்பு. மெட்டாலிகா அதில் வேகத்தைக் கூட்டியது. ‘த்ராஷ் மெட்டல்’ என்று பெயர் பெற்ற அந்தப் பாணியில் பாட்டுகள் நீளமானவை. நடுவில் திசை மாறும், தாளம் மாறும், நீண்ட கிட்டார் சோலோ வரும். 1986இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ இந்தப் பாணியின் உச்சமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இடம்பெற்ற முதல் மெட்டல் ஆல்பமும் அதுவே. அந்த ஆண்டே ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ஆல்பத்தையும் ரசிகர்கள் அந்த 1986ஐ அருகில் வைத்தே நிறுத்துப் பார்த்தார்கள்.

1991இல் தயாரிப்பாளர் பாப் ராக்கின் துணையோடு குழு பாட்டுகளைச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து, குழுவின் பெயரையே தலைப்பாக வைத்த ஆல்பத்தை வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் ‘பிளாக் ஆல்பம்’ என்று பெயர் பெற்ற அது அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்றது. விலைபோய்விட்டார்கள் என்ற முணுமுணுப்பு அப்போதே எழுந்தது. 1996இல் ‘லோட்’ ஆல்பத்துக்காகக் குழுவினர் தலைமுடியை வெட்டிக்கொண்டபோது, இசையைப் போலவே முடியும் விவாதப் பொருளானது. 2000இல் பாட்டுகளை இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டதோடு, பாட்டைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பட்டியலையும் குழு ஒப்படைத்தது. தன் பாட்டைக் கேட்டவர்களையே காட்டிக்கொடுத்த குழு என்ற கசப்பு நெடுநாள் நீடித்தது.

அந்தக் கசப்பு ஆறுவதற்குள், 2003 ஜூனில் ‘செயிண்ட் ஆங்கர்’ வந்தது. அது குழு உடையும் நிலையில் உருவான ஆல்பம். பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டட் 2001 தொடக்கத்தில் விலகினார். அதே ஆண்டின் நடுவில் ஹெட்ஃபீல்டு போதைப் பழக்கத்திலிருந்து மீள மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார்; ஒலிப்பதிவு மாதக்கணக்கில் நின்றது. குழுவினரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்க மாதம் 40,000 டாலர் சம்பளத்தில் ஆலோசகர் அமர்த்தப்பட்டார். இவை எல்லாமே ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ என்ற ஆவணப்படத்தில் பதிவாகி 2004இல் திரைக்கு வந்தன. ஆல்பத்தைவிட ஆவணப்படமே மேல் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

‘செயிண்ட் ஆங்கர்’ ஆல்பத்தின் 75 நிமிடத்தில் ஒரு கிட்டார் சோலோகூடக் கிடையாது. உலகின் பெயர்பெற்ற சோலோ கலைஞர்களில் ஒருவரான கிர்க் ஹாமெட் குழுவில் இருக்கும்போதே இப்படி. பேஸ் பகுதிகளைத் தயாரிப்பாளர் பாப் ராக்கே வாசித்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை ஸ்னேர் டிரம்மைப் பற்றி நடந்தது. ஸ்னேரின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச்சுருள்கள் இருக்கும். மேலே அடிக்கும்போது அவை அதிர்ந்து ‘சரக்’ என்ற கூரான ஓசையைத் தரும். உல்ரிக் அந்தக் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்தார். ஒவ்வோர் அடிக்கும் ‘டங், டங்’ என்று உலோகம் கணகணத்தது. குப்பைத்தொட்டியைத் தட்டுகிறார் என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். உல்ரிக் இன்றுவரை அதற்காக வருந்தவில்லை.

இங்கே விமர்சகர்கள் ஒன்றாக நிற்கவில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தது. ‘பிட்ச்ஃபோர்க்’ பத்துக்கு 0.8 போட்டது. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு சிறந்த மெட்டல் வாசிப்புக்கான கிராமி விருதையும் வாங்கியது. பாராட்டியவர்கள் கேட்டது ஒன்று, வெறுத்தவர்கள் கேட்டது வேறு. இருபது ஆண்டு வெற்றிக்குப் பின்னும் மினுக்காமல், பூசாமல், உள்ளே இருக்கும் ஆத்திரத்தை அப்படியே கொட்டும் துணிச்சல் பாராட்டியவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ரசிகர்களோ அந்த ஆல்பத்தை வீட்டில் நூறு தடவை கேட்க வேண்டியவர்கள். துணிச்சலை ஒரு தடவை மெச்சலாம். ஸ்னேரை ஒவ்வொரு தடவையும் கேட்டாக வேண்டும். பாப் ராக்கை மாற்றச் சொல்லி ரசிகர்கள் மனு எழுதினார்கள். சிடியுடன் இலவசமாக வந்த டிவிடியில் புதிய பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ரூஹியோவுடன் குழு அதே பாட்டுகளை ஒத்திகை பார்க்கும் காட்சிகள் இருந்தன. பலருக்கு ஆல்பத்தைவிட அந்த ஒத்திகையே பிடித்துப்போனது. பாட்டுகளில் பழுதில்லை, ஒலியில்தான் பழுது என்ற எண்ணம் ரசிகர்களிடம் வேரூன்றியது அப்போதுதான். பிற்பாடு சில ரசிகர்கள் முழு ஆல்பத்தையும் தாங்களே வாசித்து, நீளத்தைக் குறைத்து, ஸ்னேரைச் சரிசெய்து பதிவு செய்ததற்கும் அந்த எண்ணமே காரணம்.

அடுத்த ஆல்பத்துக்குக் குழு தயாரிப்பாளரை மாற்றியது. புதிதாக வந்த ரிக் ரூபின், த்ராஷ் மெட்டலின் இன்னொரு சிகரமான ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்தைத் தயாரித்தவர். 1980களில் இருந்த மனநிலைக்குத் திரும்புங்கள், பழைய உங்களைப் போலவே ஒலிப்பதற்குக் கூச்சப்படாதீர்கள் என்பது அவருடைய அறிவுரை. விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. ‘டெத் மேக்னெட்டிக்’ பத்துப் பாட்டுகள், ஏறத்தாழ 75 நிமிடம். சோலோக்கள் திரும்பின. 1988க்குப் பிறகு முதல்முறையாகப் பாட்டுவரியே இல்லாத, பத்து நிமிட வாத்திய இசை ஒன்றும் இடம்பெற்றது. ‘த டே தட் நெவர் கம்ஸ்’ மென்மையான கிட்டாரில் தொடங்கி, படிப்படியாகக் கனத்து, கடைசி நிமிடங்களில் பாய்ச்சலாக முடிகிறது. பழைய ஆல்பங்களில் பழகிய அதே வார்ப்பு. ‘மீண்டு வந்தார்கள்’ என்பது விமர்சனங்களின் பொதுக்குரல். பழையதையே திருப்பிச் செய்கிறார்கள், தங்கள் பழைய ‘தி அன்ஃபர்கிவன்’ பாட்டுக்கு மூன்றாம் பாகம் எதற்கு என்ற முனகல்களும் இருந்தன. அவை பெரிதாக எடுபடவில்லை.

ஆனால் கேட்கத் தொடங்கியவர்களுக்கு வேறொன்று உறுத்தியது. டிரம்ஸ் விழும் இடங்களில் ஒலி நொறுங்கியது. மென்மையான தொடக்கமும் கனமான முடிவும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் வந்தன. முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் காது களைத்தது.

காரணம் ஒலிப்பதிவுத் துறையில் ‘லவுட்னஸ் வார்’ எனப்படும் சத்தப் போட்டி. சிடியில் ஒலி எண்களாகப் பதிவாகிறது. அந்த எண்களுக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எந்த ஒலியும் போக முடியாது. வரம்பைத் தாண்டாமல் சத்தத்தைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. டிரம்ஸ் அடி போல திடீரென்று எழும் உச்சங்களை அமுக்கிவிட்டு, பிறகு மொத்த ஒலியையும் வரம்பு வரை உயர்த்துவது. உச்சம் மாறாது, சராசரி ஏறிவிடும். டிவி நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேட வைப்பது இதே உத்திதான். அளவோடு அமுக்கினால் இசை திடமாகும். அளவு மீறினால் ஒலியலைகளின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அந்த வெட்டு கரகரப்பாகக் காதில் விழும். 1990களிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் சிடி பக்கத்துச் சிடியைவிட எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று இந்த அமுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனது. ரூபின் தயாரித்த ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ‘கலிஃபோர்னிகேஷன்’ மீதும் 1999இலேயே இதே புகார் இருந்தது.

ஆகவே ரசிகர்களின் புகாரில் முரண் இல்லை. கேட்பவர் தன் கையால் வால்யூமை ஏற்றிக் கேட்கும் சத்தம் வேறு, சிடிக்குள்ளேயே அடைத்துவைத்த சத்தம் வேறு. முதலாவதைக் குறைக்கலாம், இரண்டாவதை வால்யூமைக் குறைத்தாலும் போக்க முடியாது. அமைதிக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியில் வாழும் இசை மெட்டல். அந்த இடைவெளி போனால் அதன் கனமும் போய்விடும்.

இது வெறும் ருசிபேதம் என்று ஒதுக்கிவிட முடியாமல் செய்தது ஒரு வீடியோ கேம். பிளாஸ்டிக் கிட்டாரின் பொத்தான்களைத் திரையில் ஓடிவரும் குறிகளுக்கு ஏற்ப அழுத்தி ஆடும் ‘கிட்டார் ஹீரோ’வுக்காக, முழு ஆல்பமும் சிடி வந்த சமயத்திலேயே வெளியானது. கேமுக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிப் பதிவாக வேண்டும். அதனால் கடைசிக்கட்ட அமுக்கம் படாத பதிவுகளே அதற்குப் போயிருந்தன. ரசிகர்கள் கேமிலிருந்து பாட்டுகளைப் பிரித்தெடுத்துச் சிடியோடு ஒப்பிட்டார்கள். கேம் பிரதியின் அலைவடிவத்தில் டிரம்ஸ் அடிகள் ஈட்டி போலத் தனித்தனியாக நின்றன. சிடி பிரதி செங்கல் மாதிரி ஒரே பட்டையாக இருந்தது. சிடியின் சத்தம் 10 டெசிபல் வரை கூடுதல் என்று ஒலிப்பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். அதே குழு, அதே வாசிப்பு, அதே பாட்டு. மாறியது சத்தப் பூச்சு மட்டுமே. ஒரு கலைப்படைப்பின் மீதான புகாருக்கு இவ்வளவு துல்லியமான சான்று அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

ஆல்பத்துக்கு மாஸ்டரிங், அதாவது மிக்ஸுக்குப் பிந்தைய கடைசிக்கட்ட ஒலிச் சீரமைப்பு, செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் முழுக்க அமுக்கப்பட்டிருந்தது என்று ரசிகர் ஒருவருக்கு எழுதிய பதில் வெளியே கசிந்தது. உல்ரிக் அசரவில்லை. ஒலித்தரத்தில் குறையில்லை, 2008இல் ஆல்பங்களை இப்படித்தான் செய்கிறோம் என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். விற்பனையும் விருதுகளும் அவர் பக்கம் இருந்தன: ‘மை அபோகலிப்ஸ்’ பாட்டு 2009இல் கிராமி வென்றது.

இந்த விவகாரத்தில் சங்கடப்பட வேண்டியவர்கள் விமர்சகர்கள்தான். ‘செயிண்ட் ஆங்கர்’ காலத்தில் ரசிகர்களின் கோபத்தைப் பழமைவிரும்பிகளின் பிடிவாதம் என்று ஒதுக்க முடிந்தது. 2008இல் அப்படிச் சொல்ல வழியில்லை. பெரும்பாலான விமர்சனங்கள் குழு மீண்டு வந்ததா இல்லையா என்ற கதையிலேயே நின்றுவிட, காதில் விழுந்த ஒலியைப் பற்றி எழுதும் வேலையை ரசிகர்களும் சில ஒலிப்பொறியாளர்களும் செய்ய வேண்டியதாயிற்று.

கனடாவின் ரஷ் குழுவுக்கு இதே சிக்கல் முன்பே வந்திருந்தது. 2002இல் வந்த அவர்களுடைய ‘வேப்பர் டிரெயில்ஸ்’ அதிக அமுக்கத்தால் கெட்டுப்போனது என்று குழுவினரே ஒப்புக்கொண்டு, 2013இல் முழு ஆல்பத்தையும் மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். மெட்டாலிகா அந்த வழிக்குப் போகவில்லை. மாறாக, ‘டெத் மேக்னெட்டிக்’கை மிக்ஸ் செய்த கிரெக் ஃபிடல்மேனே 2016இல் வந்த ‘ஹார்ட்வயர்டு’, 2023இல் வந்த ‘72 சீசன்ஸ்’ ஆல்பங்களின் தயாரிப்பாளர்களில் ஒருவரானார்.

சத்தப் போட்டியின் வேகத்தைக் குறைத்தது ரசிகர்களின் மனுவைவிட வியாபாரத்தில் வந்த மாற்றம். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற சேவைகள் எல்லாப் பாட்டுகளையும் ஏறக்குறைய ஒரே சராசரிச் சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புகின்றன. அதிகம் அமுக்கிய பாட்டை அவை தானாகவே தணித்துவிடும். பக்கத்துப் பாட்டை விஞ்சும் ஆதாயம் போய், அமுக்கத்தின் சேதம் மட்டும் மிஞ்சும்.

பழைய ஆல்பங்களைத் திருத்துவதில்லை என்பதில் மெட்டாலிகா உறுதியாக இருக்கிறது. 1988இல் வந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் நியூஸ்டட்டின் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. ரசிகர்கள் பேஸைத் தூக்கிக்கொடுத்துச் சொந்தப் பிரதிகளே தயாரித்திருக்கிறார்கள். 2018இல் அந்த ஆல்பம் புதிதாக மாஸ்டரிங் செய்யப்பட்டு மறுவெளியீடு கண்டது. அதிலும் பேஸ் ஏற்றப்படவில்லை.