பழ ஈயில் மரபணுவை அணைக்கும் முறை

வாழைப்பழம் கனிந்து ஒரு நாள் கடந்ததும் அழையாமலே வந்து மொய்க்கும் சிற்றீக்களை நாம் அறிவோம். நியூயார்க்கில் 1910-ஆம் ஆண்டில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்னும் விஞ்ஞானி, செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஈ ஒன்றைக் கண்டார். ஒரு மரபணு பழுதுற்றதால் கண்ணின் நிறம் மறைந்திருந்தது. நிறத்துக்கு அம்மரபணு வேண்டும் என்பது அதனால் புலனாயிற்று.

ஆகவே, ஒரு மரபணுவின் தொழிலை அறிய வேண்டுமாயின், அதை நிறுத்தி, என்ன குறைகிறது என்று காணவேண்டும். ஆனால் இங்கே ஓர் இடையூறு உண்டு. பல மரபணுக்கள் உயிருக்கே இன்றியமையாதவை. உடல் முழுவதும் நிறுத்தினால் ஈ முட்டையிலோ புழுப் பருவத்திலோ மடிந்துபோகும். அம்மரபணு மூளையில் என்ன செய்தது என்பதை மடிந்த புழு நமக்குச் சொல்லாது. ஓர் அறையின் விளக்கை அணைக்க ஊர் முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்துவது போன்றது அது.

இதற்கு 1993-ஆம் ஆண்டில் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமோனும் ஒரு வழி வகுத்தனர். ஈஸ்ட்டிலுள்ள 'கால்-4' என்னும் புரதத்தை அவர்கள் கருவியாகக் கொண்டனர். ஒரு வம்சத்து ஈக்கள் இப்புரதத்தை மூளை, சிறகு என யாதேனும் ஓர் உறுப்பில் மட்டும் உண்டாக்கும். மற்றொரு வம்சத்து ஈக்களிடம் ஒரு கட்டளை உறங்கிக் கிடக்கும்; கால்-4 தொட்டால்தான் அது விழிக்கும். இரண்டையும் கலந்து பிறக்கும் ஈக்களில், அவ்வுறுப்பில் மட்டும் கட்டளை நிறைவேறும்.

அணைக்கும் கட்டளை எது? மரபணுவின் செய்தியை ஆர்.என்.ஏ. என்னும் இழை சுமந்து செல்கிறது. அதற்கு ஒத்த இரட்டை இழை ஆர்.என்.ஏ. உயிரணுவில் இருந்தால், செய்தி வழியிலேயே சிதைக்கப்படும். எழுதிய ஓலை சேரவேண்டிய இடத்தைச் சேராது. இவ்வுண்மையை 1998-இல் ஒரு சிறு புழுவில் கண்ட ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 2006-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

காலத்தையும் நாம் வரையறுக்கலாம். கால்-4ஐ 18 டிகிரியில் அடக்கி வைக்கும் ஒரு புரதம், 29 டிகிரியில் செயலிழக்கும். ஆதலின் ஈ வளர்ந்த பின்னரே மரபணுவை அணைக்க இயலும்.

எனினும் எச்சரிக்கை தேவை. செய்தி முற்றிலும் அழியாமல் சிறிது எஞ்சலாம். வேறொரு மரபணுவின் செய்தியும் தவறுதலாகச் சிதையலாம். ஆகையால் அதே மரபணுவின் வேறொரு பகுதியைக் குறிவைத்து மீண்டும் சோதிப்பர். இரண்டிலும் ஒரே விளைவு தோன்றினால்தான் முடிவுக்கு வலிமை உண்டு.

மனிதரிடம் நோயுடன் தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு ஈயிலும் இணை உண்டு. நம்மவர் பலர் வாழும் மும்பையிலும் பெங்களூரிலும் நம் நாட்டு விஞ்ஞானிகள் பழ ஈயைக் கொண்டு ஆராய்ந்து வருகின்றனர். ஈயில் கண்ட விடை நாளை நோயாளியின் மருந்து வரை செல்லக்கூடும். ஆதலின் அணைந்த மரபணு எதுவென்பதில் ஐயம் இருத்தல் ஆகாது.