பிரின்டர் நின்ற வெள்ளிக்கிழமை

2016 பெப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. பங்களாதேஷ் மத்திய வங்கியில் பணப் பரிமாற்ற விபரங்களை அச்சிடும் பிரின்டர் வேலை செய்யவில்லை. வழக்கமான கோளாறு என்றே ஊழியர்கள் எண்ணினர். ஆனால் முன்பே கணனிக்குள் புகுந்திருந்த திருடர்கள், முதல்நாள் இரவே 951 மில்லியன் டொலருக்கு 35 கட்டளைகளை நியூயோர்க்குக்கு அனுப்பியிருந்தனர். பங்களாதேஷில் வெள்ளி விடுமுறை. நாள் பார்த்தே வந்திருக்கிறார்கள்!

அதில் 20 மில்லியன் நம் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 'பவுண்டேஷன்' என்ற சொல்லிலிருந்த எழுத்துப்பிழை சந்தேகத்தைக் கிளப்ப, பணம் திரும்பிப் போனது. பிலிப்பைன்ஸ் போன 81 மில்லியனில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது.

பின்னர் ஆய்வாளர்கள் துருவியபோது, கள்ளப் புரோகிராம் ஒன்று பதிவுகளை அழித்ததும் பிரின்டரைக் குழப்பியதும் தெரியவந்தது. இதுவே கணனித் தடயவியல். அழித்த பதிவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் டிஸ்கிலேயே கிடக்கும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் காண்பது வேறு. கணனியில் கோளாறு என்றதும் ரிப்பெயார் பையனை அழைத்து 'ஃபோர்மட்' அடித்துவிடுகிறோம். கடை உடைத்தவனின் கால்தடத்தைப் பொலிஸ் வருமுன் கழுவுவோமா?

பணம் போன சந்தேகம் வந்தால் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, வேறு தொலைபேசியில் வங்கியை அழையுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணனிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிடலாம். அதுவரை டிஸ்க்கில் யாரும் கைவைக்க வேண்டாம்.