பாய்மரப் படகில் அன்றாட வாழ்க்கை

பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வாழ்பவர்கள் உலகின் பல துறைமுகங்களில் உள்ளனர். இவர்களின் படகுகள் பெரும்பாலும் 9 முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ளவை. ஒரு சிறிய அறையின் அகலத்திற்குள் படுக்கை, அடுப்படி, கழிப்பறை, எஞ்சின், மின்கலம் எல்லாம் அடங்கிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஓய்வு வாழ்க்கையாகத் தோன்றலாம். உண்மையில் நாளின் பெரும்பகுதி வீட்டு வேலையிலும் பழுதுபார்ப்பிலுமே கழிகிறது. வீட்டில் ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் அசௌகரியம். நடுக்கடலில் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து.

நன்னீர்

படகின் முதல் கவலை தண்ணீர். இத்தகைய படகுகள் பலவற்றின் தொட்டிகளில் சில நூறு லிட்டர் தண்ணீரே கொள்ளும். ஆகவே நன்னீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே. பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு கை நன்னீரில் அலசுவது வழக்கம். குளியலும் அப்படியே. துணிகளைக் கடல்நீரில் மட்டும் துவைத்தால் அவை முழுதாக உலர்வதில்லை; நூலில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மழை வந்தால் துவைக்கும் நாள் வந்தது என்று பொருள்.

இப்போது பல படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி உள்ளது. எதிர் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் இது, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 55 மடங்கு அழுத்தத்தில் கடல்நீரை ஒரு மெல்லிய சவ்வின் வழியே செலுத்துகிறது. கருவியைப் பயன்படுத்தாத நாட்களிலும் சவ்வை நன்னீரால் அலசி வைக்க வேண்டும். ஆனால் துறைமுகக் குழாய்நீரில் உள்ள குளோரின் அந்தச் சவ்வையே கெடுத்துவிடும். கருவி பழுதானால் தொட்டியில் இருப்பதுதான் மிச்சம் என்பதால், அனுபவசாலிகள் தண்ணீர் முழுவதையும் ஒரே தொட்டியில் வைப்பதில்லை.

இதற்கு ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பயணம் நல்ல சான்று. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘சுஹைலி’ என்னும் படகில், 1968 ஜூன் முதல் 1969 ஏப்ரல் வரை 312 நாட்கள், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். தென்கடலில் பேரலை ஒன்று படகைச் சாய்த்த பிறகு அவருடைய தொட்டித் தண்ணீர் கெட்டுப்போனது தெரியவந்தது. மீதிப் பயணத்தில் பாயில் வழியும் மழைநீரைப் பிடித்துச் சேர்த்துத்தான் அவர் பெரிதும் சமாளித்தார்.

சமையல்

படகு ஒரு பக்கம் சாய்ந்தபடியே பல நாட்கள் ஓடும். எனவே அடுப்பு இருபுறமும் ஊசலாடும்படி பொருத்தப்படுகிறது. படகு சாய்ந்தாலும் பாத்திரம் மட்டமாக நிற்கும். கொதிநீர் தெறித்துச் சுடுவது அடிக்கடி நேரும் விபத்து. ஆகவே அலை மிகுந்த நாளில் சமைப்பவர் மழைக்கால்சட்டை அணிந்து, இடுப்பில் வார் கட்டிக்கொண்டு நிற்பதுண்டு. எரிவாயுவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும், மூடி இறுகப் பூட்டியிருக்கும் பிரஷர் குக்கர் இங்கு மிகவும் மதிக்கப்படும் பாத்திரம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு, சன்னல் வழியே வெளியேற வாய்ப்புண்டு. படகிலோ அது அடித்தளப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும், படகே வெடிக்கும். அதனால் சிலிண்டரை, அடியில் கடலை நோக்கித் துளையுள்ள தனிப் பெட்டியில் வைப்பதும், ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சிலிண்டரின் வாயிலேயே அடைப்பதும் கட்டாயமான பழக்கங்கள்.

காய்கறிகளில் முட்டைக்கோஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி ஆகியவை குளிர்பெட்டியின்றியும் நெடுநாள் தாங்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து வைப்பதில்லை. கழுவாத, குளிரூட்டப்படாத முட்டைகள் பல வாரம் கெடாமல் இருக்கும். அட்டைப்பெட்டிகளைப் படகுக்குள் அனுமதிப்பதில்லை. மடிப்புகளில் கரப்பான் முட்டைகள் ஒளிந்து வரும். டின்களின் காகித உறை ஈரத்தில் உரிந்துவிடும் என்பதால் உள்ளே இருப்பதை மேலே எழுதி வைக்கிறார்கள். மறந்தவர்கள் அன்று கிடைத்ததைச் சாப்பிட வேண்டியதுதான்.

காவலும் உறக்கமும்

கடலில் படகை இரவிலும் யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். இருவர் மட்டுமே உள்ள படகில் மூன்று அல்லது நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை காவல் மாறும். எட்டு மணி நேரத் தொடர் உறக்கம் என்பது கரையில்தான். இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் 17 மீட்டர் படகில் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா ஆகிய இருவரும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினர். பாய் மாற்றுவதிலிருந்து சமையல் வரை அனைத்தையும் அந்த இருவரே பகிர்ந்து செய்ய வேண்டியிருந்தது. உறங்குபவர் உருண்டு விழாதிருக்கப் படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பு கட்டப்படும்.

பராமரிப்பு

மின்சாரம் சோலார் தகடுகளிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் கிடைக்கிறது. ஈய மின்கலத்தைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். கழிப்பறையைக் கைப்பம்பால் இயக்குகிறார்கள். அதன் குழாய்களில் உப்பும் சிறுநீரும் சேர்ந்து படியும் கெட்டியான காரையை அகற்றுவது எல்லோரும் வெறுக்கும் வேலை.

தினமும் தவறாமல் செய்வது சுற்றிப்பார்ப்பது. எந்தக் கயிறு எதில் உரசுகிறது, எந்தத் தையல் பிரிகிறது, அடித்தளப் பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க வேண்டும். நேற்றைவிட இன்று அதிகத் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் புறப்பட்ட சில வாரங்களிலேயே இப்படித்தான் ‘சுஹைலி’யின் கசிவைக் கண்டறிந்தார். நடுக்கடலில் மூச்சடக்கி மூழ்கி, பலகை இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே கித்தானும் செப்புத் தகடும் வைத்து ஆணியடித்தார். இடையில் ஒரு சுறா வந்து சுற்றத் தொடங்கியதால் மேலேறி அதைச் சுட்டுவிட்டு வேலையைத் தொடர வேண்டியிருந்தது.