விடியலில் முரண்டும் மகிழுந்து

பாகூர், வில்லியனூர்ச் சிற்றூர்களிலிருந்து மார்கழி விடியலில் நோயாளியுடன் புதுச்சேரிக்கு விரைகையில், பழைய பெட்ரோல் அம்பாசிடர் இருமி நின்றால் நாம் குளிரையே பழிக்கின்றோம். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது என்பது மெய்யே. அதனை ஈடுசெய்யவே கார்புரேட்டரில் சோக் அமைந்துள்ளது. அது காற்றைக் குறைத்து எரிபொருள் விகிதத்தை மிகுவிக்கும். ஆயினும், உறைபனி அறியாத நம் மண்ணில் குளிர் மட்டுமே காரணமாகாது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குவோம். கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகுதி. சோக் முழுதும் திறவாதிருக்கலாம், காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். வெளிறியிருப்பின் எரிபொருள் குறைவு. ஜெட் அடைப்பையோ காற்றுக் கசிவையோ தேடுக. பெட்ரோலில் நனைந்திருப்பின் சோக்கை மிகுதியாக இழுத்திருப்போம். அன்றேல் தீப்பொறி நலிந்திருக்கும். பாயிண்ட் இடைவெளியையும் பேட்டரியையும் ஆய்க.

நோயின் முதலறிந்து மருந்திடுமாறு வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி இதற்கும் உரியதே. அவ்வாய்வு, அவசரம் வருவதற்கு முந்தைய நாளிலேயே நிகழட்டும்.